ஒரே இணைப்பு, பல கணினிகள்: தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலுள்ள அரசினர் பொறியியல், கலை அறிவியல், பாலிடெக்னிக் கல்லூரிகளின் முதல்வர்கள், கணினித் துறைத் தலைவர்கள்.

பொருள்: ஆய்வகக் கணினிகளின் ஓய்வு நேரத்தைத் தன்னார்வக் கணிப்புக்கு முறையாக வழங்குதல்; அதற்கென ஒவ்வொரு ஆய்வகத்திலும் ஒரு கேச் சர்வர் (பல கணினிகளுக்கும் பொதுவான கோப்பை ஒரே முறை இறக்கி, தன்னிடம் வைத்துப் பகிரும் கணினி) அமைத்தல்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

இவ்விரு மாவட்டக் கல்லூரிகளில் கணினி ஆய்வகங்களைப் பராமரிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். பர்கூரிலும் செட்டிக்கரையிலும் உள்ள அரசினர் பொறியியல் கல்லூரிகள் தொடங்கி, தருமபுரி, கிருஷ்ணகிரி, காரிமங்கலம் ஆகிய ஊர்களின் கலைக் கல்லூரிகள் வரை, நம் பகுதியில் வகுப்பு நேரத்தில் இயங்கிக்கொண்டே, ஆனால் பெரும்பாலான நேரம் எதையும் கணக்கிடாமல் இருக்கும் கணினிகள் ஏராளம். அவற்றின் வெறுமையான நேரத்தை உலகின் அறிவியல் ஆய்வுகளுக்குத் தர முடியும் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். தருவதா வேண்டாமா என்பதைவிட, எப்படித் தருவது என்பதே நம் ஊரில் கடினமான கேள்வி என்று நான் கருதுகிறேன். ஒவ்வொரு கணினியும் தனித்தனியே வெளியுலகத்தோடு பேசும்படி விட்டால் இந்த முயற்சி ஒரு மாதம் கூடத் தாங்காது. ஆய்வகம் முழுவதும் ஒரே கேச் வழியாகப் பேசி, வேலையைத் திட்டமிட்டுப் பகிர்ந்துகொண்டால் ஆண்டுக்கணக்கில் நடக்கும். அவ்வாறு அமைப்பதற்கு உங்கள் அனுமதியையும் ஒரு பருவ கால வாய்ப்பையும் கேட்கவே இம்மடல்.

இத்துறையைப் புதிதாகக் கேள்விப்படுவோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய கணக்கு ஒன்றைச் சிறு வேலைத்துண்டுகளாக நறுக்கி, உலகெங்கும் தன்னார்வலர்களின் கணினிகளுக்கு அனுப்பி, விடைகளைத் திரும்பப் பெற்று ஒன்றுசேர்ப்பதே தன்னார்வக் கணிப்பு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1999 மே மாதம் தொடங்கிய, வேற்றுக்கோள் அறிவுயிர்களின் வானொலிச் சைகைகளைத் தேடும் செட்டி அட் ஹோம் திட்டம் இதைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. அது 2020 மார்ச் இறுதியில் புதிய வேலை வழங்குவதை நிறுத்திக்கொண்டது. 2005-இல் தொடங்கிய ஐன்ஸ்டீன் அட் ஹோம் திட்டத்தில், ஈர்ப்பலை ஆய்வகங்களிலிருந்தும் வானொலித் தொலைநோக்கிகளிலிருந்தும் கிடைக்கும் தரவுகளைத் தன்னார்வலர்களின் கணினிகள் அலசுகின்றன. 2010-இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருந்த சாதாரணக் கணினிகள் வழியாக அதுவரை அறியப்படாத ஒரு துடிவிண்மீன் (வேகமாகச் சுழன்று சீரான துடிப்புகளாக அலைகளை அனுப்பும் விண்மீன்) கண்டுபிடிக்கப்பட்டது. புரதங்களின் மடிப்பை ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோம் திட்டம், கொரோனா பரவிய 2020-இன் தொடக்க மாதங்களில், எக்ஸாஃப்ளாப் (நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்குகள்) என்னும் கணிப்பு எல்லையை உலகிலேயே முதலாவதாகக் கடந்த அமைப்பாயிற்று. 2024-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேவிட் பேக்கரின் ஆய்வகமும் ரொசெட்டா அட் ஹோம் என்ற தன்னார்வத் திட்டத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் ஈர்ப்பலை ஆய்வகம் ஒன்றை நிறுவ ஒன்றிய அரசு 2023-இல் ஒப்புதல் அளித்திருக்கும் வேளையில், அத்தகைய தரவு எப்படி அலசப்படுகிறது என்பதை நம் மாணவர் தம் ஆய்வகத்திலேயே கண்ணால் காண்பது சிறிய பயன் அன்று.

இனி, எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன்.

ஒரு கல்லூரியில் சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்கள் ஆர்வத்தோடு ஒரே நாளில் ஆய்வகம் முழுவதிலும் இத்தகைய மென்பொருளை நிறுவினார்கள். மறுநாள் காலை எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் இயக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரே நிரலையும் ஒரே தரவுக் கோப்புகளையும் தனித்தனியே பதிவிறக்கத் தொடங்கியது. அன்று தேர்வுக் கட்டணத்தை இணையத்தில் கட்ட வந்த மாணவர்களுக்குப் பக்கம் திறக்கவில்லை. அலுவலகத்தில் எழுந்த கோபத்தில் மென்பொருள் அன்றே நீக்கப்பட்டது; அங்கு அதைப் பற்றி இன்றும் பேச முடியவில்லை. மாணவர்களின் எண்ணத்தில் பிழை இல்லை. அறுபது கணினிகள் ஒரே பொருளை அறுபது முறை கொண்டுவந்ததுதான் பிழை.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு திட்டத்தின் நிரலும் பொதுத் தரவும் சேர்த்து 500 எம்பி என்று கொள்வோம். 60 கணினிகளும் தனித்தனியே இறக்கினால் 30 ஜிபி. நொடிக்கு 50 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு முழுவதையும் அதற்கே ஒதுக்கினாலும் 80 நிமிடங்கள் ஆகும். அந்த 80 நிமிடங்களும் கல்லூரியில் வேறு யாருக்கும் இணையம் இல்லை. அதே 500 எம்பி ஒரே ஒரு முறை வெளியிலிருந்து வந்து, ஆய்வகத்திலேயே உள்ள ஒரு கணினியில் தங்கி, மற்ற 59 கணினிகளுக்கும் உள் வலையமைப்பு வழியாகப் போனால், வெளி இணைப்பு அடைபட்டிருப்பது 80 நொடிகள் மட்டுமே. தெருவில் ஒவ்வொரு வீடும் தனித்தனியே ஆழ்துளைக் கிணறு போடாமல் ஒரே மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய் இழுத்துக்கொள்வது போன்ற ஏற்பாடுதான் இது.

குறுகலான இணைப்பு நம் ஊருக்கு மட்டும் உரிய தொல்லை அன்று. இத்துறை பிறந்தபோதே உடன்பிறந்தது. செட்டி அட் ஹோமுக்குத் தரவு தந்த, போர்ட்டோ ரிக்கோ தீவிலுள்ள அரசிபோ வானொலித் தொலைநோக்கி நிலையத்தில் அன்று போதிய வேகமுள்ள இணைப்பு இல்லாததால், பதிவுகள் 35 ஜிபி நாடாக்களில் ஏற்றப்பட்டு அஞ்சலில் பெர்க்லிக்கு அனுப்பப்பட்டன. அங்கு அவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 350 கேபி அளவுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டன; தொலைபேசி வழி இணைப்பு வைத்திருந்தவரும் பங்கேற்க முடிந்ததற்கு அந்தச் சிற்றளவு ஒரு முக்கியக் காரணம். அதற்கும் முன்பே, 1997-இல் தொடங்கிய டிஸ்ட்ரிபியூட்டட் நெட் என்ற அமைப்பு, மறைகுறியீட்டுத் திறவுகளைத் தேடும் போட்டிகளில் இறங்கியபோது, தனிநபர் பிராக்ஸி என்ற சிறு நிரலையும் வழங்கியது. பல கணினிகள் உள்ள இடத்தில் ஒரு கணினி மட்டும் வெளியே தொடர்புகொண்டு வேலைத்துண்டுகளை மொத்தமாக வாங்கி வைக்கும். மற்றவை அதனிடமிருந்து பெற்று, விடைகளையும் அதனிடமே ஒப்படைக்கும். இணைப்பு அறுந்தாலும் உள்ளே வேலை ஓடிக்கொண்டிருக்கும். செட்டி அட் ஹோமின் முதல் தலைமுறைக்கும் செட்டிகியூ என்ற பெயரில் தன்னார்வலர்கள் இதே பணியைச் செய்யும் நிரலை எழுதிக்கொண்டார்கள். நாம் கேட்பது புதுமை எதுவும் இல்லை. கால் நூற்றாண்டுக்கு முன் எளிய மக்கள் தமக்குத் தாமே செய்துகொண்ட ஏற்பாட்டைத்தான் கேட்கிறோம்.

ஆனால் அதே ஏற்பாட்டை இன்று அப்படியே எடுத்துப் பொருத்த முடியாது. இப்போது பெரும்பாலான திட்டங்கள் பயன்படுத்துவது பெர்க்லியில் டேவிட் ஆண்டர்சன் 2002-இல் தொடங்கிய பாயிங்க் என்ற தளத்தை. அதில் ஒவ்வொரு கணினியும் தன் பெயரில் வேலை கேட்டு, தன் வரிசையைத் தானே வைத்துக்கொள்கிறது. ஆய்வகத்துக்கு ஒரு பொது வரிசை என்ற ஒன்று அதில் இல்லை. இதற்குக் காரணம் உண்டு. விடை சரியா என்று பார்க்க, பல திட்டங்கள் ஒரே வேலைத்துண்டை இருவேறு கணினிகளுக்கு அனுப்பி, இரு விடைகளும் ஒத்துப்போனால் மட்டுமே ஏற்கின்றன; அந்த இருவரும் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவராக இருக்க வேண்டும் என்பதற்காக, ஒரே கணக்கின் கீழுள்ள கணினிகளுக்கு இரு பிரதிகளையும் தருவதைத் தவிர்க்கின்றன. ஆகவே வேலைத்துண்டுகளை நாமே வாங்கி நாமே பங்கிட்டுக்கொடுப்பது இன்றைய முறையில் பொருந்தாது. எல்லாருக்கும் பொதுவானதை மட்டும் கேச்சில் வைப்பதே நமக்குத் திறந்திருக்கும் வழி.

பொதுவானது எது என்பதில்தான் திட்டத்துக்குத் திட்டம் வேறுபாடு பெரிது. இதைக் கவனிக்காமல் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் கேச் வைத்தும் பயனிருக்காது. கணிப்பு நிரல்கள் எல்லாக் கணினிகளுக்கும் ஒன்றே. அவை கேச்சுக்கு மிகவும் ஏற்றவை. ஐன்ஸ்டீன் அட் ஹோமில் பெரிய தரவுக் கோப்புகள் பல வேலைத்துண்டுகளுக்குப் பொதுவாக வருகின்றன. அத்திட்டத்தின் சர்வரும், ஒரு கோப்பை ஏற்கெனவே வைத்திருக்கும் கணினிக்கு அக்கோப்பைச் சார்ந்த அடுத்த வேலையைத் தருவதில் முனைப்பாக இருக்கிறது. ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு மையமான செர்ன் நடத்தும் எல்எச்சி அட் ஹோமின் சில பிரிவுகள் ஒரு முழு மெய்நிகர் கணினியையே (கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினி) இறக்கி இயக்குகின்றன. அதன் நிரல் தொகுப்புகள் கேச் செய்வதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கோப்பு முறையில் வருகின்றன. பல கணினிகள் வைத்திருக்கும் தன்னார்வலர்கள் அதற்கு ஸ்குவிட் என்ற இலவச மென்பொருளைக் கேச் சர்வராக நிறுத்திக்கொள்கிறார்கள். மாறாக, ஆக்ஸ்போர்டைச் சார்ந்து 2003-இல் தொடங்கிய தட்பவெப்ப முன்னறிவிப்புத் திட்டத்தில் ஒவ்வொரு வேலையும் நெடுநாள் ஓடி, முடிவில் பெரும் விடைக் கோப்புகளை மேலே ஏற்றுகிறது. மேலேற்றும் விடை ஒவ்வொன்றும் வேறு. அதற்குக் கேச் உதவாது. பதிவேற்ற வேகம் குறைவாக உள்ள கல்லூரி அத்திட்டத்தை எவ்வளவு விரும்பினாலும் தொடக்கத்தில் எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் வரும் கோப்பை நடுவிலுள்ள கேச் படிக்க முடியாது. அதை உடைத்துப் படிக்கும்படி சர்வரை அமைப்பது மாணவர்களின் வங்கி, மின்னஞ்சல் தொடர்புகளையும் அம்பலப்படுத்திவிடும் என்பதால் அதைச் செய்யவே கூடாது. எந்தத் திட்டம் தன் பொதுக் கோப்புகளைத் திறந்த இணைப்பில் தருகிறது என்று முன்கூட்டியே சோதித்துப் பார்த்துச் சேர வேண்டும். திறந்த இணைப்பில் வந்தாலும் அச்சமில்லை: பாயிங்கில் நிரல்கள் திட்டத்தின் மின்னணுக் கையொப்பத்தோடு வருகின்றன, கோப்புகளின் சரிபார்ப்பு எண் பொருந்தாவிட்டால் கணினி அவற்றை ஏற்காது.

வேலையைச் சேமித்து வைப்பதில் நம் வழக்கமான ஆசை ஒன்றையும் அடக்கிக்கொள்ள வேண்டும். இணைப்பு அடிக்கடி அறுவதால் நான்கைந்து நாள் வேலையை முன்கூட்டியே வாங்கி வைக்கலாம் என்று தோன்றும். பாயிங்க் அதற்கு இடமும் தருகிறது. ஆனால் ஒவ்வொரு வேலைத்துண்டுக்கும் கெடு உண்டு. ஆய்வகம் நாளில் சில மணி நேரமே இயங்கும். சனி, ஞாயிறு இல்லை. பொங்கல் விடுமுறையும் பருவ விடுமுறையும் வரும். வாங்கி வைத்த வேலை கெடு தாண்டினால், திட்டம் அதை மற்றொருவருக்குத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும். ஆய்வாளரின் காத்திருப்பு நம்மால் நீளும். 2020 மார்ச்சில் ஃபோல்டிங் அட் ஹோமில் தன்னார்வலர்கள் திரண்டு வந்தபோது, தருவதற்கு வேலைத்துண்டுகளே போதாமல் போயின என்பதை நினைவில் கொண்டால், பதுக்கி வைப்பது பிறர் கையிலிருந்து எடுப்பதும் ஆகும் என்பது விளங்கும். அரை நாள் வேலைக்கு மேல் சேமிக்காமலும், நீண்ட விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே புதிய வேலை வாங்குவதை நிறுத்தியும் நடத்த வேண்டும்.

நம் ஆய்வகங்களுக்கே உரிய இரு சிக்கல்களை, வெளியூர் வழிகாட்டிகளில் காண முடியாது என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன். பல ஆய்வகங்களில் டீப் ஃப்ரீஸ் மென்பொருள் இருக்கிறது. கணினியை மறுபடி இயக்கியதும் வட்டு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பாயிங்கின் தரவுக் கோப்புறை, இப்படிப் பழைய நிலைக்குத் திரும்பாத பகுதியில் இல்லாவிட்டால், முதல் நாள் வாங்கிய வேலையும் பாதி முடித்த கணக்கும் ஒவ்வொரு காலையும் அழிந்து, எல்லாம் மீண்டும் பதிவிறக்கப்படும். மேலும், ஒரு கணினியை நிறுவி அதன் வட்டுப் பிரதியை மற்ற எல்லாவற்றிலும் படியெடுப்பது நம் வழக்கம். பாயிங்க் ஒரு திட்டத்தில் சேர்ந்த பிறகு அப்படிப் படியெடுத்தால், எல்லாக் கணினிகளும் ஒரே அடையாள எண்ணோடு சர்வர் முன் நின்று குழப்பம் விளைவிக்கும். படியெடுத்து முடித்த பின்னரே ஒவ்வொன்றையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். ஓய்வாக இருக்கும் கணினியைவிட வேலை செய்யும் கணினி 40 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று கொண்டால், 60 கணினிகள் நாளுக்கு 4 மணி நேரம் கணக்கிட 9.6 யூனிட் ஆகும். இது அரசுப் பணம். ஆகவே இதை மறைக்காமல், முதல்வரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு கணக்கில் காட்டியே செலவழிக்க வேண்டும். இரவில் இதற்கென்று கணினிகளை இயக்கி வைப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. வகுப்புக்காக ஏற்கெனவே இயங்கும் நேரத்துக்குள் மட்டும் போதும். மின்தடை ஏற்பட்டு ஆய்வகம் யூபிஎஸ்ஸில் ஓடத் தொடங்கும்போது, மேசைக் கணினியில் ஓடும் பாயிங்குக்கு அது தெரியாது. பேட்டரி வழக்கத்தைவிட விரைவில் தீர்ந்து, தேர்வு எழுதும் மாணவர் தவிக்க நேரிடும். ஆகையால் எல்லாக் கணினிகளிலும் கணிப்பை ஒரே கட்டளையில் நிறுத்தும் வசதியை ஆய்வக உதவியாளரின் கணினியில் அமைத்துத் தர வேண்டும். கணக்கின் இடைநிலையை நிரல்கள் அவ்வப்போது வட்டில் குறித்துவைப்பதால், நிறுத்துவதால் பெரிய இழப்பில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் குளிர்சாதனம் இல்லாத ஆய்வகங்களில் செயலியின் கோர்களில் (ஒரே நேரத்தில் தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) பாதியை மட்டும் பயன்படுத்துமாறு வரம்பு வைக்கலாம். தேவையெனில் அந்த இரு மாதங்களும் முழுவதும் நிறுத்திவிடலாம்.

அனுமதி பெறாமல் இதைச் செய்யக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருப்பதற்கு வெளிநாட்டு முன்நிகழ்வுகளும் காரணம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றின் கணினிகளில் நிர்வாகத்துக்குத் தெரியாமல் இத்தகைய நிரலை நிறுவிய ஊழியர் குற்ற வழக்கைச் சந்தித்தார்; அரிசோனாவில் ஒரு பள்ளி நிர்வாகத்தின் கணினிகளில் செட்டி அட் ஹோமை நிறுவிய ஊழியர் வேலையை விட்டு விலக நேர்ந்தது. நல்ல நோக்கம் கொண்ட ஓர் ஆய்வக உதவியாளருக்கோ மாணவருக்கோ நம் மாவட்டத்தில் அந்நிலை வரக் கூடாது. கல்லூரியின் பெயரில் ஒரே கணக்கு, மாணவர்களின் மின்னஞ்சலோ பெயரோ இல்லாத பதிவு, பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ நடத்தும் திட்டங்களில் மட்டும் பங்கேற்பு என்பவற்றை அனுமதிக் கடிதத்திலேயே குறிப்பிடலாம். இதே சாக்கில் கிரிப்டோ நாணயம் தோண்டும் மென்பொருளை யாரும் நுழைத்துவிடாதபடி, ஆய்வகத்தில் இயங்க ஒப்புதல் பெற்ற நிரல்களின் பட்டியலைக் கதவருகே ஒட்டிவைக்கவும் வேண்டும்.

நம் சொந்த மாணவர்களின் தேவை இதற்கெல்லாம் முன்னே நிற்க வேண்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1980-களின் இறுதியில் உருவான காண்டர் என்ற மென்பொருள், வளாகத்தில் சும்மா இருக்கும் கணினிகளைக் கண்டறிந்து காத்திருக்கும் வேலைகளை அவற்றுக்குப் பங்கிடுகிறது. இன்று எச்டிகாண்டர் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. வளாகத்தில் வேலை இல்லாதபோது பாயிங்கை இயக்கும் வசதியும் அதில் உண்டு. முதுகலை மாணவி ஒருவர் தம் ஆய்வுக் கணக்கைத் தம் ஒரே மடிக்கணினியில் வாரக்கணக்கில் ஓடவிட்டுக் காத்திருக்கும்போது, அடுத்த அறையில் அறுபது கணினிகள் திரைக்காப்பு ஓட்டிக்கொண்டிருப்பதை நான் பார்த்து வருந்தியிருக்கிறேன். ஆகவே வரிசையில் முதலிடம் நம் மாணவரின் வேலைக்கு; அது தீர்ந்த பிறகே உலகின் வேலைக்கு. பொது வரிசை என்பது பாயிங்கில் இல்லை என்று மேலே சொன்னேன். நமக்கு உண்மையில் வேண்டிய பொது வரிசையை இந்த மென்பொருள் தருகிறது.

நான் கேட்பது இதுதான். அடுத்த பருவத்தில், விருப்பமுள்ள ஒரு கல்லூரி ஒரே ஓர் ஆய்வகத்தை மட்டும் இதற்கு ஒதுக்கட்டும். பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டு மூலையில் கிடக்கும் ஒரு கணினியில் புதிய வட்டு ஒன்றைப் பொருத்தி, லினக்ஸும் ஸ்குவிட்டும் நிறுவி, கேச் சர்வராக நிறுத்தலாம். இப்பணியைக் கட்டணமின்றிச் செய்துதர நான் முன்வருகிறேன். வெளி இணைப்பில் எவ்வளவு தரவு வந்தது, அதில் கேச் எவ்வளவை மிச்சப்படுத்தியது, மின்மானி எவ்வளவு கூடியது, எத்தனை வேலைகள் கெடுவுக்குள் முடிந்தன என்ற நான்கையும் மாணவர்களே வாரந்தோறும் குறித்து, பருவ இறுதியில் துறைத் தலைவரிடம் அளிக்கட்டும். அந்தக் குறிப்பேடு சாதகமாக இருந்தால் அடுத்த ஆய்வகத்துக்கும் அண்டைக் கல்லூரிக்கும் விரிவாக்கலாம். பாதகமாக இருந்தால் நிறுத்திவிடலாம். ஒப்புதல் அளிக்கும் கல்லூரி, பருவம் தொடங்குவதற்கு இரு வாரங்கள் முன்னதாகத் தெரிவித்தால், வகுப்புகளுக்கு இடையூறின்றி நிறுவலை முடித்துவிட இயலும்.

தங்கள் உண்மையுள்ள,
கணினி ஆய்வகப் பராமரிப்பாளர்,
கிருஷ்ணகிரி.